எந்திரத்துக்கு நெற்றி எது?

எம்.ஆர்.ஐ. அறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று என்னை அழைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டால் வருவாள் என்பது அழைத்தவர்களுக்குத் தெரியும். நாலு வார்த்தையோடு நிறுத்துவாளா என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. மாட்டிக்கொண்டது நீங்கள்.

எந்தப் பட்டனை எப்போது அழுத்துவது என்பதை நான் சொல்லப்போவதில்லை. அதை நீங்கள் சிதம்பரத்தில் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நானும் அங்கேதான் படித்தேன். நான் படித்த பட்டன்கள் எதுவும் இப்போது இல்லை. ஆனால் அடியில் நடக்கிற சங்கதி மாறவில்லை. அதை என் பாணியில் ஒரு தரம் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கதைக்கு வருகிறேன்.

நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீருக்குள் ஹைட்ரஜன். அதன் நடுவில் இருக்கிற புரோட்டான் ஒரு குட்டிப் பம்பரம். பெரிய காந்தத்துக்குள் ஆளைப் படுக்கவைத்தால் அந்தப் பம்பரங்களில் கொஞ்சம் கூடுதலானவை காந்தம் சொன்ன திசையைப் பார்த்து நிற்கும்; நின்றபடியே தலையை ஆட்டும். எந்த வேகத்தில் ஆட்டுவது என்பதைக் காந்தத்தின் பலம் முடிவு செய்யும். அதே வேகத்தில் அலையடிக்கும் இன்னொரு சின்னக் காந்தப் புலத்தைக் கண்சிமிட்டும் நேரத்துக்குக் கொடுத்தால், அத்தனையும் ஒன்றாகச் சாய்ந்து ஒரே தாளத்தில் ஆடும். வேகம் பிசகினால் ஏறெடுத்தும் பார்க்காது. எவ்வளவு நேரம் கொடுக்கிறோமோ அவ்வளவு சாயும். அந்த ஆட்டத்திலிருந்து வருகிற சிக்னலைப் பிடித்துத்தான் நாம் படம் எடுக்கிறோம். முதலாளி பேசும்போது ஊழியர்கள் தலையாட்டுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? பாதிப் பாடம் முடிந்தது.

மீதிப் பாதி இது. பக்கத்தில் ஒரு துணுக்கு இரும்பு வந்துவிட்டால் அதைச் சுற்றியிருக்கும் பம்பரங்கள் வேறு வேகத்தில் ஆடத் தொடங்கும். ஆளுக்கொரு பக்கம் ஆட்டினால் கூட்டிப் பார்க்கும்போது ஒன்றுமே மிஞ்சாது. படத்தில் அந்த இடம் கறுப்பாக இருக்கும். மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்தாலும் கறுப்பாகத்தான் இருக்கும், ஏனென்றால் ரத்தத்திலும் இரும்பு இருக்கிறது. நம் தொழிலின் தலைவலி முழுக்க இந்த இரண்டு கறுப்புக்கும் நடுவில்தான் இருக்கிறது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் நான் வேலை பார்த்தபோது நடந்தது. எங்கள் முதலாளி பண்ருட்டிப் பக்கம் முந்திரி வியாபாரம் பார்த்து மேலே வந்தவர். முந்திரியைக் கையில் எடுத்தாலே தரம் சொல்வார். ஸ்கேன் மெஷினையும் அப்படியே தட்டிப் பார்ப்பார். நல்ல மனிதர்தான். சம்பளம் தாமதமாகாது, பண்டிகைக்குப் பலகாரம் வரும். ஒரே குறை, எந்த மெஷின் நின்றாலும் அதற்குக் கண் பட்டுவிட்டது என்பார்.

அந்த மாதம் அவர் சொன்னதை மறுக்க எனக்கும் வாயில்லை. சி.டி. மெஷினின் ட்யூப் போய்விட்டது. புதியது வருவதற்கு நாளாகும் என்றார்கள். அது பழுதான அதே வாரம் எம்.ஆர்.ஐ.க்குக் குளிர்ந்த தண்ணீர் அனுப்பும் சில்லர் மக்கர் பண்ணியது. முதலாளி என் மேஜைக்கு வந்தார்.

"டெக்னீசியனம்மா, சிதம்பரத்துலருந்து சாஸ்திரிகள வரச்சொல்லிட்டன். வெள்ளிக்கெழம ஹோமம். நீங்க ஒண்ணும் சொல்லக்கூடாது."

"நான் என்ன சார் சொல்லப்போறன்? காந்த ரூமுக்குள்ள மட்டும் யாரும் வரவேணாம்."

"ரூமுக்குப் பண்ற ஹோமத்துக்கு ரூமுக்குள்ள வராத எப்புடிம்மா?"

இப்படி இழுத்து, அப்படி இழுத்து, கடைசியில் உடன்பாடு ஏற்பட்டது. ஹோமம் வெளியே போர்டிகோவில். தீர்த்தம் தெளிக்கச் சாஸ்திரிகள் ஒருவர் மட்டும் உள்ளே வரலாம், அதுவும் என் சோதனைக்குப் பிறகு. மெஷின் மேல் சந்தனம், குங்குமம், மாலை எதுவும் கூடாது. பொட்டு வைத்தே ஆகவேண்டுமென்றால் வெளியே இருக்கிற கம்ப்யூட்டருக்கு வைத்துக்கொள்ளட்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் வாசலில் நின்ற நிற்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கையில் ஒரு சின்னக் காந்தம். உள்ளே போகிற ஒவ்வொரு பொருளிலும் அதை ஒட்டிப் பார்த்தேன். சாஸ்திரிகளின் சொம்பு செம்பு, போகலாம். மணி வெண்கலம், போகலாம். ஹோமகுண்டம் நல்ல கனமான இரும்பு, துருவேறி உள்ளே பொருக்குப் பொருக்காக உரிந்து கிடந்தது, கரண்டியும் இரும்பு. இரண்டும் போர்டிகோவைத் தாண்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். சாஸ்திரிகள் சிரித்துக்கொண்டே, "கோயில்லகூட இவ்வளவு சோதன இல்லம்மா" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. சொல்வதற்கென்ன, அன்று என்னைத் தாண்டி ஒரு குண்டூசி உள்ளே போயிருக்க முடியாது.

ஹோமம் முடிந்ததும் குண்டத்தின் கரியைக் கரண்டியால் சுரண்டி, நெய்யில் குழைத்து, ரட்சை என்று வெற்றிலையில் வைத்துக் கொடுத்தார்கள். எல்லார் நெற்றியிலும் கறுப்புப் பொட்டு. நானும் வைத்துக்கொண்டேன், பிறகு வேலை நேரம் என்று துடைத்துவிட்டேன். காலையில் இரண்டு முட்டி, ஒரு இடுப்பு ஸ்கேன் செய்தோம். படங்கள் பளிச்சென்று வந்தன. முதலாளி வெற்றிலைச் சிவப்போடு எட்டிப் பார்த்து, "பாத்தீங்களா?" என்றார். நான் தலையாட்டினேன்.

மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்ட்ரெச்சர் வந்தது. அதில் கிடந்தவருக்குக் குப்புராஜ் என்று பெயர். தேவனாம்பட்டினத்துக்காரர், போட்டில் போகிறவர். கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். வலது கை தொங்கிவிட்டது, பேச்சு போய்விட்டது. கூடவே அவர் மனைவி அஞ்சலாட்சி. ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்தபடியே ஓடிவந்தாள். வழியில் எந்தக் கோயிலில் வாங்கினாளோ, அவர் நெற்றி நிறையத் திருநீறு.

கூட வந்த டியூட்டி டாக்டர் சின்ன வயது. அவர் நிலைமையைச் சொன்னார். இது பக்கவாதம். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பாக இருக்கலாம். சில மணி நேரத்துக்குள் அடைப்பைக் கரைக்கிற ஊசி போட்டால் கையும் பேச்சும் திரும்ப வாய்ப்பு உண்டு. ஆனால் மூளைக்குள் துளி ரத்தக்கசிவு இருந்தாலும் அந்த ஊசியே ஆளைக் கொன்றுவிடும். வழக்கமாக இதற்கு சி.டி. போதும். எங்கள் சி.டி.தான் ஹோமம் கேட்டு உட்கார்ந்திருக்கிறதே. வேறு இடத்துக்குக் கொண்டுபோய் வரிசையில் நிற்பதற்குள் ஊசிக்கான நேரம் போய்விடும்.

"எம்.ஆர்.ஐ. போட்டுருங்க மேடம். ப்ளீட் இருக்கா இல்லையா, அது ஒண்ணு சொன்னா போதும்" என்றார்.

அஞ்சலாட்சியும் உள்ளே வரப் பார்த்தாள். நம் ஊர்ப் பெண்களின் தாலிச் சரட்டில் எப்போதும் நாலைந்து ஊக்கு தொங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். வெளியே நிற்கச் சொன்னேன். தலைக்கான காயிலை மாட்டினேன். அதுதான், முகத்துக்கு மேல் கூண்டு மாதிரி கவிழ்ப்போமே, அது. அன்றைக்கு அதற்கு முதல் வேலை அப்போதுதான் வந்தது.

படம் வந்தது. இடது பக்கம் அடைப்பின் தடம் தெளிவாகத் தெரிந்தது. கசிவைக் காட்டுகிற படத்தில், நெற்றிக்கு நேர் பின்னால், மூளையின் முன்முனையில், ஒரு கறுப்புத் திட்டு.

சென்னையில் உட்கார்ந்து எங்கள் படங்களைப் பார்க்கிற டாக்டர் செல்போனிலேயே பார்த்துவிட்டுச் சொன்னார்: "முன்னாடி ப்ளீட் மாதிரி இருக்கு. ஊசி ரிஸ்க்." டியூட்டி டாக்டரின் முகம் தொங்கிவிட்டது. "அப்ப போட முடியாது மேடம்" என்றார். கதவோரம் நின்ற அஞ்சலாட்சிக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் புரிந்தது.

எனக்கு அந்தத் திட்டைப் பிடிக்கவில்லை. படத்தில் குப்புராஜின் நெற்றித் தோலும் அந்த இடத்தில் நசுங்கி வளைந்திருந்தது. நேரில் பார்த்தால் நெற்றி நல்ல வழவழப்பாக இருக்கிறது. மூளைக்குள் ரத்தம் கசிந்தால் வெளியே தோல் ஏன் வளைய வேண்டும்? வெளியிலிருந்து ஏதோ பம்பரங்களின் தாளத்தைக் கெடுக்கிறது. வெளியே என்ன இருக்கிறது? திருநீறுதான் இருக்கிறது.

"டாக்டர், ஒரு நிமிஷம். நெத்தியத் தொடச்சிட்டு மறுபடி எடுக்கறன்" என்றேன்.

டேபிளை வெளியே இழுத்து, ஈரத்துணியால் அந்த நெற்றியைத் தேய்த்துத் துடைத்தேன். கதவுக்கு அப்பாலிருந்து அஞ்சலாட்சி அலறினாள்.

"ஐயோ, சாமி துண்ணூறும்மா அது! அதப் போயி தொடைக்கிறியே! அது ஒண்ணுதான அவரு ஒடம்புக்குக் காவலா இருக்குது!"

"படத்துல கறுப்பா தெரியுதும்மா. அதுக்குத்தான்."

"துண்ணூறு எங்கியாவது கறுப்பா இருக்குமா?"

கூண்டைக் கவிழ்த்து டேபிளை உள்ளே தள்ளினேன். மறுபடி படம் எடுத்தேன். அதே இடம், அதே திட்டு, அதே அளவு.

தம்பி தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கதையில் எனக்கு முக்கியமான இடம் இதுதான். முதல் சந்தேகத்தை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். சொன்னால் கெட்டிக்காரி என்பார்கள். அது பொய்யாகிப் போனபிறகு இரண்டாவது சந்தேகத்தைச் சொல்ல வாய் வராது. எல்லோரும் நம்மையே பார்ப்பார்கள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அவரைத் திட்ட எனக்கு உரிமையில்லை. ஊசி போட்டு ஆள் செத்தால் கையெழுத்து அவருடையது. முதலாளி வந்து காதருகில், "ஏம்மா, நல்லா ஓடற மெஷின ஏம்மா கொற சொல்றீங்க? இன்னிக்குத்தான ஹோமம் பண்ணிருக்கு. டாக்டரே சொல்லிட்டாரு, ரிப்போட்ட குடுத்துருங்க" என்றார். அஞ்சலாட்சி புருஷனின் வெறும் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் தலையாட்டிவிட்டுப் போவது ரொம்பச் சுலபம். யாரும் என்னைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். வலது கை செத்துப்போன ஒரு மீனவர் வீட்டுக்குப் போயிருப்பார், அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வந்தது. நல்ல வேளை வந்தது. கோபத்தில்தான் எனக்குப் புத்தி வேலை செய்யும்.

கறுப்பு அவர் தலையில் இல்லையென்றால் எங்கள் மெஷினில் இருக்க வேண்டும். மெஷினில் இருந்தால் யாரை வைத்தாலும் தெரிய வேண்டும். சோதனைக்கென்றே ஒரு தண்ணீர்ப் பாட்டில் இருக்கிறது. புத்தகம் அதை வைத்துப் பார்க்கச் சொல்கிறது. ஆனால் பாட்டிலைக் காட்டினால், பாட்டிலுக்கு ஏது மூளை என்று யாராவது கேட்பார்கள். நான் படுத்தால் மெஷினை ஓட்ட ஆளில்லை. டாக்டர் நோயாளியை விட்டு நகரக் கூடாது. வேலை எதுவும் இல்லாமல் அந்த இடத்தில் நின்ற தலை ஒன்றுதான்.

"சார், நீங்க படுங்க" என்றேன்.

"எங்க?"

"மெஷின்ல. ஒரு ரெண்டு நிமிஷம். உங்க தலையிலயும் இந்தத் திட்டு இருக்கான்னு பாக்கணும்."

"எனக்கு ஏம்மா இருக்குது? நான் நல்லாத்தான இருக்கன்!"

"அதுக்குத்தான் சார்."

குப்புராஜை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றி டாக்டர் பக்கத்தில் நின்றுகொண்டார். முதலாளியிடமிருந்து பொருள்களைக் கழற்றினோம். சாவிக்கொத்து, செல்போன், பெல்ட், இரண்டு தாயத்து, சனிக்கு என்று போட்டிருந்த குதிரை லாட இரும்பு மோதிரம். நடமாடும் பாத்திரக்கடை. அந்த மோதிரத்தோடுதான் அவர் தினமும் காந்த அறையின் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார். கடைசியாக அவர் நெற்றியில் காலையில் வைத்த ரட்சைப் பொட்டு இருந்தது. திருநீற்றைத் துடைத்த கை இதை மட்டும் விடுவானேன் என்று அதையும் துடைத்தேன்.

படுக்கவைத்துக் கூண்டைக் கவிழ்த்து, அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்தேன். டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

முந்திரி முதலாளியின் மூளையில், நெற்றிக்கு நேர் பின்னால், அச்சடித்த மாதிரி அதே கறுப்புத் திட்டு. நெற்றித் தோலிலும் அதே நசுங்கல்.

டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். "மேடம், இவருக்கும் ப்ளீடா?" என்றார். உள்ளே மைக் திறந்திருந்தது. "யாருக்கு ப்ளீடு? எனக்கா? ஐயோ, இழுங்கம்மா வெளிய! வீட்டுக்கு போன் போடுங்க!" என்று மெஷினுக்குள்ளிருந்து குரல் வந்தது.

நான் அவரை வெளியே இழுக்கும்போது என் கையிலிருந்த துணியைப் பார்த்தேன். ஒரு பக்கம் குப்புராஜின் திருநீறு, வெள்ளை. இன்னொரு பக்கம் முதலாளியின் ரட்சை, கன்னங்கரேலென்று.

"சார், இந்த ரட்சைய வேற எங்க வச்சீங்க?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

"சார்!"

"கோச்சிக்காதீங்கம்மா. எல்லாருக்கும் வச்சாச்சி, மெஷினுக்கு வைக்கலியேன்னு மனசு கேக்கல. நீங்க சாப்புடப் போனீங்களா... வெத்தலையிலதான் எடுத்தும்போனன், இரும்பு ஒண்ணும் எடுத்தும்போவல. மோதரத்தக்கூடக் கழட்டி வச்சிட்டுத்தான் போனன். ஆனா மெஷினுக்கு நெத்தி எதுன்னு தெரியல. இவ்ளோ பெரிய உருண்ட, எங்கன்னு வைக்கிறது? அப்பறம் இந்தக் கூண்டு, ஆளு நெத்தி வர்ற எடம், இதான் நெத்தின்னு உள்பக்கமா வச்சன். வெளிய வச்சா நீங்க தொடச்சிடுவீங்கன்னு..."

கூண்டைத் திருப்பி விளக்கில் பிடித்தேன். உள்பக்கக் கறுப்பு நுரைமெத்தையில் கறுப்புப் பொட்டு. ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு, கனமாக, பக்தியோடு வைத்திருந்தார். அதைக் காகிதத்தில் வழித்தெடுத்து வெளியே கொண்டுவந்து, காலையில் வாசலில் வைத்திருந்த சின்னக் காந்தத்தைக் காகிதத்துக்கு அடியில் பிடித்தேன். நெய்க்குள்ளிருந்து கறுப்புப் பொடி பூனைமயிர் மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றது. இரும்புக் குண்டத்தின் பொருக்கை இரும்புக் கரண்டியால் சுரண்டினால் வேறென்ன வரும்? குண்டத்தை வாசலில் நிறுத்திவிட்டேன் என்று பெருமைப்பட்டேன் அல்லவா, அது வெற்றிலையில் ஏறி உள்ளே போயிருந்தது.

கூண்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து முதலாளியை டேபிளிலிருந்து இறக்கிவிட்டு, குப்புராஜை மறுபடி படுக்கவைத்தோம். நான் படம் வருகிற திரையைப் பார்க்கவில்லை, டாக்டரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஸ்கேன் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"க்ளீன்" என்றார் டாக்டர். சொல்லிக்கொண்டே ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினார். ஊசிக்கு இன்னும் நேரம் இருந்தது. கொஞ்சமாக இருந்தது, ஆனால் இருந்தது.

சென்னை டாக்டருக்குப் போன் செய்து விவரம் சொன்னேன். "நான் ப்ளீட் மாதிரின்னுதானே சொன்னேன்" என்றார். "மாதிரி" என்ற சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ, நம் தொழிலில் எத்தனையோ பேரை அது காப்பாற்றியிருக்கிறது.

மறுநாள் குப்புராஜின் விரல்கள் அசைந்ததாகச் சொன்னார்கள். அடுத்த வாரம் பேச்சு குழறலாக வந்தது. முதலாளி இதைச் சும்மா விடுவாரா? வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "அன்னிக்கு மட்டும் ஹோமம் பண்ணலன்னு வச்சிக்குங்க..." என்று ஆரம்பிப்பார். ஹோமம் பண்ணாவிட்டால் பொட்டே இருந்திருக்காது என்று சொல்ல எனக்கு நாக்கு துடிக்கும். சொல்லமாட்டேன். அதற்கு மட்டும் தலையாட்டிவிடுவேன். எல்லாவற்றுக்கும் மறுத்துப் பேசினால் வேலையில் இருக்க முடியாது. எதற்குத் தலையாட்டலாம், எதற்குக் கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு ஆளின் கை போகிற விஷயமென்றால் ஆட்டாதீர்கள்.

சில மாதம் கழித்து ஒரு காலை நேரம், குப்புராஜ் தானே நடந்து வந்தார். கால் லேசாக இழுத்தது. வலது கையில் ஒரு பை. அதைத் தூக்கிக் காட்டுவதற்காகவே கொண்டுவந்திருந்தார் போலிருக்கிறது. கூட அஞ்சலாட்சி, கையில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தாள். திருநீறு.

"சாமிக்குப் படைச்சி எடுத்தாந்தன். எங்க மாமா உசுரக் காப்பாத்துன மெஷினுக்கு வைக்கணும்னு வேண்டிக்கினன்."

முதலாளி தன் அறையிலிருந்து பறந்து வந்தார். இரண்டு கையையும் விரித்துக் காந்த அறைக் கதவை மறைத்து நின்றார். "வேணாம்மா! கும்புட்டுக் கேக்கறன், மெஷினத் தொடாத! உள்ள ஒரு பொட்டு போவக்கூடாது! இந்தம்மாவக் கேளு, இது எவ்ளோ டேஞ்சர்னு!"

அஞ்சலாட்சி அவரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் புருஷனின் நெற்றியைத் தேய்த்துத் துடைத்தது இந்தக் கைதான் என்பதை அவள் மறக்கவில்லை. தப்பே செய்யாத திருநீறு அது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

"அப்ப இத எங்கன்னு வைக்கிறது? மெஷினுக்கு நெத்தி எதுங்க?" என்றாள்.

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவள் முன்னால் தலையைக் குனிந்தேன்.

"இங்க வைம்மா."

அவள் விரலால் தொட்டு வைக்கவில்லை, உள்ளங்கையால் அள்ளிப் பூசினாள். கண்ணிலும் கொஞ்சம் விழுந்தது. நெற்றியிலிருந்து உள்ளே எதுவும் உதிரக் கூடாதே என்று, அன்றைக்குக் காந்த அறை வேலையைப் புதிதாகச் சேர்ந்திருந்த இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வெளியே கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் எல்லாம் ஒரு மாதிரி பார்த்தார்கள். வீட்டுக்குப் போகும்வரை நான் அதைத் துடைக்கவில்லை.